குடும்பநல உத்தியோகத்தர்களை ஆய்வுக்குள் அழைப்பது பற்றி

வீடுவீடாகச் சென்று தாய்மாரையும் குழந்தைகளையும் கவனிக்கும் குடும்பநல உத்தியோகத்தர்களையும் பொதுச் சுகாதாரத் தாதியரையும் ஆய்வில் ஈடுபடுத்த வேண்டும் என்ற பேச்சு எழும்போதெல்லாம், அவர்களுக்கு ஆய்வு முறையியலில் ஒரு பயிற்சிப் பட்டறை நடத்துவோம் என்பதே முதல் யோசனையாக வருகிறது. பட்டறை நடக்கட்டும், ஆனால் அதற்கு முன்னர் கொடுக்கப்பட வேண்டியது நேரம் என்பது என் கருத்து.

1926இல் களுத்துறையில் முதலாவது சுகாதாரப் பிரிவு தொடங்கியதிலிருந்து, இலங்கையின் தாய்சேய் நலம் இவர்களுடைய பதிவேடுகளில்தான் எழுதப்பட்டு வருகிறது. கர்ப்பிணி அட்டை, குழந்தையின் வளர்ச்சிப் பதிவு, மாதாந்த அறிக்கை எல்லாம் அவர்கள் கையெழுத்து. 1930களில் ஒரு லட்சம் உயிருள்ள பிறப்புகளுக்கு 2,000ஐத் தாண்டியிருந்த தாய் மரணங்கள் இன்று ஏறத்தாழ 30 ஆகக் குறைந்திருப்பதை நாம் அறிந்திருப்பதும், அந்தக் குறைவின் ஒரு பெரும் பங்கும் அவர்களாலேயே. ஆயினும் இத்தரவுகளிலிருந்து எழும் கட்டுரைகளில் அவர்களுக்குக் கிடைப்பது பெரும்பாலும் கடைசிப் பக்கத்து நன்றியுரை மட்டும்.

இதில் விதிமுறைகளின் மீது பழி போட முடியாது. மருத்துவ இதழாசிரியர்களின் சர்வதேசக் குழு வகுத்த நெறிமுறை, வெறும் தரவு சேகரிப்பு கட்டுரையின் ஆசிரியராகப் பெயரிடப்படப் போதாது என்று சொல்கிறது. அதே நெறிமுறை, ஆய்வுக்குக் கணிசமாகப் பங்களித்தவருக்குக் கட்டுரையை எழுதவும் திருத்தவும் வாய்ப்புத் தரப்பட வேண்டும் என்றும் சொல்கிறது. நாம் முதற்பாதியை மட்டும் மனப்பாடம் செய்திருக்கிறோம்.

கேள்விகள் எங்கிருந்து வருகின்றன என்பது இதைவிட முக்கியம். தாய்மார் ஏன் கிளினிக்குக்கு வருவதில்லை என்று ஆராய வரும் பட்டப்பின் மாணவரின் வினாக்கொத்தில் தூரம், போக்குவரத்து, அறியாமை என்று விடைகள் முன்கூட்டியே அச்சாகியிருக்கும். கொழும்பில், வெள்ளவத்தையின் அடுக்குமாடிகளில் காவலாளியைத் தாண்டி வீட்டுத் தரிசிப்புக்குப் போவது எப்படி, தனியார் வைத்தியசாலையில் மட்டும் காட்டும் கர்ப்பிணியைப் பதிவுக்குள் கொண்டுவருவது எப்படி, மட்டக்குளியில் வாடகை வீடு மாறிக்கொண்டேயிருக்கும் குடும்பத்தையும் தலைப்பிரசவத்துக்கு ஹற்றனிலோ மட்டக்களப்பிலோ உள்ள தாய்வீட்டுக்குப் போய்விடும் பெண்ணையும் தொடர்ந்து கவனிப்பது எப்படி என்பவை அந்தப் பிரதேசத்தில் நடந்து திரிபவருக்கே தோன்றக்கூடிய கேள்விகள். ஒவ்வொன்றும் ஓர் ஆய்வுக்குப் போதுமானது.

எதிர்த்தரப்பில் ஒரு நியாயமும் உண்டு. திரிபோஷ சத்துமாவும் தடுப்பூசியும் யாருடைய கையால் வருகின்றனவோ அவரே ஒப்புதல் படிவத்தை நீட்டினால் எந்தத் தாய் மறுப்பார்? ஆகவே தமது பிரதேசத்துத் தாய்மாரிடம் அவர் ஒப்புதல் பெறக்கூடாது. அந்த வேலையை வேறொருவர் செய்யட்டும். கேள்வியை வகுப்பதற்கும் கிடைத்த விடைகளுக்குப் பொருள் சொல்வதற்கும் இது தடையாகாது.

நேரத்துக்கு வருகிறேன். ஒரு குடும்பநல உத்தியோகத்தருக்குப் பொதுவாக 3,000 முதல் 5,000 பேர் கொண்ட ஒரு பிரதேசம்; வெற்றிடம் இருந்தால் அயற்பிரதேசத்திலும் பதில் கடமை; மாத முடிவில் அறிக்கைகள். இவற்றுக்கு மேல் ஆய்வையும் "ஆர்வமிருந்தால் செய்யுங்கள்" என்று விட்டுவிடுவது, அவர்களுடைய இரவையும் ஞாயிற்றுக்கிழமையையும் இலவசமாகக் கேட்பதாகும். வாரத்தில் அரைநாள், கடமை நேரமாகவே கணிக்கப்பட்டு, களத்தைப் பார்க்க ஒருவர் நியமிக்கப்பட்டு ஒதுக்கப்பட வேண்டும். ஆய்வு முன்மொழிவைத் தமிழிலோ சிங்களத்திலோ எழுத விட்டு, ஆங்கிலமாக்கும் சுமையைப் பல்கலைக்கழகத் தரப்பு ஏற்கட்டும். (ஆங்கிலத்தில் எழுதத் தெரியாதவருக்குச் சிந்திக்கத் தெரியாது என்ற எண்ணம் நம் படித்தவர்களிடையே இன்னமும் உயிரோடிருக்கிறது.)

சுகாதார வைத்திய அதிகாரி பணிமனைகளில் மாதந்தோறும் மாநாடு நடக்கிறது. முடிந்த ஆய்வின் பெறுபேறுகளை முதலில் அங்கே சொல்லுங்கள். கின்சி வீதியிலுள்ள கொழும்பு மருத்துவ பீடத்திலிருந்து கொழும்பு மாநகர சபை நடந்து போகக்கூடிய தூரந்தான். அடுத்த ஆய்வைத் திட்டமிடும் பேராசிரியர் ஒருவர், வினாக்கொத்து எதையும் கையில் எடுக்காமல், அங்கே பணியாற்றும் குடும்பநல உத்தியோகத்தர்களோடு ஒரு முற்பகல் உட்கார்ந்து, எதை ஆராய வேண்டும் என்று அவர்களிடமே கேட்கலாம்.