போர்க் சொல்வது 'நாமா', 'நாங்களா'?

ஜூன் விடுமுறையில் மகளோடு உட்கார்ந்து பழைய 'ஸ்டார் டிரெக்: நெக்ஸ்ட் ஜெனரேஷன்' விண்வெளித் தொடரைப் பார்க்கத் தொடங்கினேன். தொடக்கநிலை 5 படிக்கிறாள். தமிழ் வாய்மொழித் தேர்வுப் பயிற்சியில் அவள் மாட்டிக்கொள்ளும் இடம் எப்போதும் ஒன்றுதான். "ஐயா, நாம் போன வாரம் கடற்கரைக்குப் போனோம்" என்பாள் ஆசிரியரிடம். ஐயா போகவே இல்லை. வீட்டில் பாதி நேரம் ஆங்கிலம். அதில் 'நாம்', 'நாங்கள்' இரண்டுக்கும் ஒரே சொல்.

தொடரின் வில்லன் கூட்டமான போர்க் (உணவங்காடி நிலையத்துப் போர்க் அல்ல; பாதி உடல், பாதி எந்திரமாக, ஒரே மனதோடு இயங்கும் கூட்டம்) பேசத் தொடங்கியதும் அவளே கேட்டாள்: "அப்பா, இவர்கள் சொல்வது நாமா, நாங்களா?"

எத்தனையோ ஆண்டுகளாக இந்தத் தொடரைப் பார்க்கிறேன், எனக்கு இது தோன்றவில்லை. உங்களைப் பிடிக்கும்வரை அவர்கள் 'நாங்கள்'. பிடித்து, உடம்பில் கம்பியைச் செருகி, உங்கள் அறிவையும் உருவிச் சேர்த்துக்கொண்ட பிறகு 'நாம்'. அந்த வில்லனின் பயங்கரம் முழுவதும் இந்த இரண்டு சொற்களுக்கு நடுவில்தான் இருக்கிறது.

1989இல் அவர்கள் முதலில் தோன்றிய அத்தியாயத்தில், நாயகர்களின் விண்கலமான எண்டர்பிரைஸ் ஆட்கள் போர்க்கின் கனசதுரக் கப்பலுக்குள் புகுந்து நடக்கிறார்கள். ஒருவரும் திரும்பிக்கூடப் பார்ப்பதில்லை. எறும்புப் புற்றை மிதித்தால் இரண்டு கடியாவது கிடைக்கும். இங்கே நீங்கள் பொருட்டே இல்லை. முதலில் பூச்சியினமாக யோசித்துவிட்டு, செலவு கட்டுப்படியாகாமல் இப்படி மாற்றினார்கள். நல்லவேளை, கையில் காசில்லை.

1990இல் எண்டர்பிரைஸின் கேப்டன் பிக்கார்டையே பிடித்து, லொக்யூட்டஸ் என்ற பெயரில் தங்கள் குரலாக ஆக்கினார்கள். அவர்களைத் தடுக்க நடந்த வுல்ஃப் 359 போரில் பிக்கார்ட் தரப்பின் 39 கப்பல்கள் போயின. போரைக் காட்டாமல் சிதைந்த கப்பல்களை மட்டும் காட்டியது அந்தத் தொடர். லொக்யூட்டஸ் 'நான்' என்று பேசுகிறானே என்பீர்கள். அது பொம்மலாட்டப் பொம்மையின் 'நான்'.

1996 ஸ்டார் டிரெக் திரைப்படத்தில் போர்க்குக்கு ஒரு ராணி வந்தாள். 'நானே போர்க்' என்றாள். எல்லாம் கெட்டது அங்கேதான். நடித்தவர் மீது குறையில்லை. ஆனால் ராணி கோபப்படுகிறாள், ஆசை காட்டுகிறாள், பேரம் பேசுகிறாள். பேரம் பேசுபவளிடம் என்ன பயம்? தேக்காச் சந்தையில் நாம் வாரந்தோறும் செய்வதுதானே? இன்னொரு ஸ்டார் டிரெக் தொடரான 'வாயேஜர்'இல், போர்க்கிடமிருந்து மீட்கப்பட்ட செவன் ஆஃப் நைன் என்ற பெண்ணை கேப்டன் ஜேன்வே ஒரு பக்கம், ராணி ஒரு பக்கம் என்று இழுப்பதைப் பார்த்தால் சம்பந்திச் சண்டை போல இருக்கிறது.

முகமில்லாத கும்பலை வைத்து எவ்வளவுதான் கதை சொல்வது, பேச ஓர் ஆள் வேண்டாமா என்கிறார் நண்பர். வேண்டும்தான். 1992இல் ஹியூ பேசினானே! எண்டர்பிரைஸிடம் தனியாக அகப்பட்ட இளம் போர்க் அவன். பெயர் வைத்தபோது "நாங்கள் ஹியூ" என்றவன். அவனுக்குள் ஒரு நிரலை ஏற்றித் திருப்பியனுப்பி, மொத்தக் கூட்டத்தையும் அழிப்பதுதான் எண்டர்பிரைஸின் திட்டம். பிக்கார்ட் மறுபடி லொக்யூட்டஸாக நடித்து, இந்தக் கப்பலைப் பிடிக்க உதவு என்று கட்டளையிடுகிறார். அவனோ, 'நான் மாட்டேன்' என்கிறான்.

மகள் படத்தை நிறுத்திவிட்டு, "ஒருமைக்கு மாறிவிட்டான், அப்பா" என்றாள்.

அடுத்து ராணி வரும் படத்தைப் பார்க்கலாம் என்கிறாள். பள்ளி திறக்கும்வரை எப்படித் தள்ளிப்போடுவது என்று யோசித்துக்கொண்டிருக்கிறேன்.