‘ரெட்டா க்ரீனா சொல்லு தம்பி’ என்கிற ரீல்ஸ் அண்ணன்களே, உங்களைத்தான்

பத்தாம் வகுப்புப் பையன் ஒரு பக்கம் கணக்குப் புத்தகத்தில் நிகழ்தகவு படித்துக்கொண்டிருக்கிறான். அதே நேரத்தில் அவன் போனில் கூலிங்கிளாஸ் போட்ட ஒரு அண்ணன் வந்து, “தம்பி, ரெட்டா க்ரீனா சொல்லு, ஒரே நிமிஷத்துல டபுள்” என்கிறார். அடுத்து வரப்போவது சிவப்பா பச்சையா என்று பணம் கட்டிச் சொல்லும் ‘வின்கோ’ மாதிரியான கலர் ஆட்டத்துக்கான அழைப்பு இது. கீழே கமெண்ட்டில் ‘வின்’ என்று டைப் பண்ணினால் லிங்க் இன்பாக்ஸுக்கு வரும். பயோவில் டெலிகிராம் சேனல். ‘இது விளம்பரம்’ என்று ஒரு வார்த்தை இருக்காது. அதிகபட்சம் ஓரத்தில் பொடி எழுத்தில் ‘எஜுகேஷனல் பர்பஸ் ஒன்லி’. என்னய்யா எஜுகேஷன் இதில்?

சட்டம் இல்லாமலா இருக்கிறது? தமிழ்நாட்டில் 2022-ல் ஆன்லைன் சூதாட்டத்துக்கு எதிராக அவசரச் சட்டம் போட்டு, மசோதாவை ஆளுநர் திருப்பி அனுப்பி, 2023 மார்ச்சில் சட்டமன்றம் மறுபடி நிறைவேற்றி, ஏப்ரலில்தான் ஒப்புதல் கிடைத்தது. 2025 ஆகஸ்டில் ஒன்றிய அரசு பணம் வைத்து ஆடும் ஆன்லைன் விளையாட்டுகளையே மொத்தமாகத் தடை செய்து சட்டம் கொண்டுவந்தது. விளம்பரம் செய்பவருக்கே இரண்டு ஆண்டு வரை சிறை, 50 லட்சம் வரை அபராதம். இந்திய கிரிக்கெட் அணியின் ஜெர்சியிலிருந்து, பணம் கட்டி கற்பனை அணி அமைத்து ஆடும் ட்ரீம்11 ஆப்பின் பெயர் கழன்றது. டிவியில் ரம்மி விளம்பரம் நின்றது. பெற்றோர் எல்லாரும் சனியன் ஒழிந்தது என்று நினைத்துக்கொண்டார்கள். எங்கே ஒழிந்தது? வீட்டு ஹாலில் எல்லார் கண்ணெதிரே ஓடிய விளம்பரம், இப்போது பையனுடைய போர்வைக்குள் ஓடுகிறது.

அதற்கான விதையைப் போட்டதும் பெரியவர்கள்தான். 2020 ஐபிஎல்லுக்கு டைட்டில் ஸ்பான்சரே ட்ரீம்11. அந்த வருஷம் 12 வயதில் மேட்ச் பார்த்தவனுக்கு 2025-ல் 17. கிரிக்கெட் என்றாலே கூடவே பணமும் கட்ட வேண்டும் என்ற பாடத்தை ஓவருக்கு ஓவர் கேட்டு வளர்ந்தவன் அவன். ‘இதில் நிதி அபாயம் உண்டு, அடிமையாகலாம்’ என்ற எச்சரிக்கையைச் சாதாரண வேகத்தில் வாசிக்க வேண்டும், இதை வருமான வழியாகக் காட்டக் கூடாது என்று விளம்பரத் தர நிர்ணயக் குழு போட்ட விதி 2020 டிசம்பரிலேயே அமலுக்கு வந்தது. கடைசி மூன்று விநாடியில் மூச்சு விடாமல் ஒப்பித்த அந்த எச்சரிக்கை யார் காதில் விழுந்தது?

இப்போது அந்தக் கலர் ஆட்டத்தைப் பிரித்துப் பார்ப்போம். 0 முதல் 9 வரை எண்கள். 1, 3, 7, 9 பச்சை. 2, 4, 6, 8 சிவப்பு. 5 பாதி பச்சை, பாதி வயலெட். 0 பாதி சிவப்பு, பாதி வயலெட். பச்சையில் 100 ரூபாய் கட்டினால் முதலில் 2 ரூபாய் கட்டணம் போய் 98 ஆகும். பச்சை வந்தால் 196. ஐந்து வந்தால் ஒன்றரை மடங்குதான், 147. மீதி ஐந்து எண்களுக்கும் பட்டை நாமம். ஆட்டம் நேர்மையாக நடந்தாலே 100-க்குச் சராசரியாகத் திரும்புவது 93 ரூபாய் 10 பைசா. நிமிஷத்துக்கு ஒரு ரவுண்ட் என்றால் மணிக்கு 60 ரவுண்ட், 6,000 ரூபாய் பந்தயம், 414 ரூபாய் நஷ்டம். இது நேர்மையான கணக்கு. எண்ணைத் தீர்மானிக்கும் சர்வர் அவர்கள் கையில். தணிக்கை செய்ய ஒருவரும் இல்லை.

அடுத்து அண்ணன் விற்கும் ‘3 எக்ஸ் பிளான்’. தோற்றால் மூன்று மடங்கு கட்டு, ஒரு தடவை ஜெயித்தால் எல்லாம் திரும்பி வரும் என்பார். 10, 30, 90, 270, 810, 2,430. தொடர்ந்து ஆறு முறை தோற்றால் போனது 3,640. ஏழாவது படிக்கு 7,290 வேண்டும். தொடர்ந்து ஆறு தோல்வி என்பது அபூர்வம் என்று பையன் நம்புகிறான். பாதிக்குப் பாதி வாய்ப்பில் அது சராசரியாக 126 ரவுண்டில் வந்துவிடும், அதாவது இரண்டே மணி நேரம். 30 விநாடி ஆட்டமென்றால் ஒரு மணி நேரம். அந்த ஏழாவது படியில்தான் அம்மாவின் ஜிபே பின் நம்பர் தேவைப்படுகிறது.

“ஆனா டெலிகிராம்ல சொன்னது அப்படியே வந்துச்சே?” வரும். ஒரு குரூப்புக்குச் சிவப்பு, இன்னொரு குரூப்புக்குப் பச்சை என்று அனுப்பினால் எப்படியும் ஒரு பாதிக்குப் பலிக்கும். பலித்தவர்களை மறுபடி இரண்டாகப் பிரித்தால், மூன்றாவது சுற்று முடிவில் எட்டில் ஒரு பங்குப் பையன்களுக்கு இந்த அண்ணன் வாக்குத் தவறாத குலதெய்வம். வீடியோவில் காட்டும் லட்சக்கணக்கான பேலன்ஸ் பெரும்பாலும் டெமோ ஐடி, அதாவது பொய்ப் பணம் காட்டும் கணக்கு. அவர் வருமானம் ஆட்டத்தில் இல்லை. அவர் ‘இன்வைட் கோடு’ போட்டு உள்ளே வந்தவன் கட்டும் ஒவ்வொரு பந்தயத்திலும் அவருக்குக் கமிஷன். பையன் தோற்றாலும் அண்ணனுக்குக் காசு.

போனஸ் கதையும் இதே லட்சணம்தான். 500 கட்டு, 500 இலவசம். ஆனால் மொத்தத் தொகையைப் பத்து முறை சுழற்றினால்தான் எடுக்க முடியும் என்று நிபந்தனை. 10,000 ரூபாய்க்குப் பந்தயம் கட்ட வேண்டும். 100-க்கு 6.90 வீதம் 690 போகும். இலவசம் கொடுத்த 500-ஐயும் வாங்கிக்கொண்டு கைக்காசிலும் 190 எடுத்துக்கொள்கிறார்கள்.

இவர்களுக்குப் பதினெட்டு வயதுக்குக் கீழே உள்ளவன்தான் வேண்டும் என்பதற்கு அந்த ஆப்பே சாட்சி. ஆதார் கிடையாது, பான் கிடையாது, மொபைல் ஓடிபி போதும். பிளே ஸ்டோரில் இருக்காது, ஸ்டோரைத் தாண்டி நேரடியாக இன்ஸ்டால் செய்யும் ஏபிகே ஃபைலாக வரும். பணம் போவது கம்பெனிக்கு அல்ல, ஒவ்வொரு தடவையும் வேறு வேறு தனி ஆளின் கியூஆர் கோடுக்கு. கமிஷனுக்கு ஆசைப்பட்டு வங்கிக் கணக்கை வாடகைக்கு விட்டவர்கள் அவர்கள், அதில் கல்லூரி மாணவர்களும் உண்டு. ஜெயித்த காசு எப்போதாவது வந்தாலும் ஆபத்துதான். அது எங்கோ ஏமாந்த ஒருவரின் பணமாக இருந்து அவர் புகார் கொடுத்துவிட்டால், போலீஸ் சொல்லி வங்கி உங்கள் கணக்கை முடக்கும். சம்பளம் வரும் கணக்கு அது.

பிரபலங்கள் பெயரும் தப்பவில்லை. 2024 ஜனவரியில் ஒரு கேமிங் ஆப்புக்குத் தான் பேசியதுபோல் சுற்றிய டீப்ஃபேக் வீடியோவைப் பற்றி சச்சினே எச்சரிக்க வேண்டி வந்தது. சூதாட்ட நிறுவனங்கள் ‘நியூஸ்’ தளம் என்ற முகமூடியில் விளம்பரம் செய்வதை 2022 அக்டோபரில் ஒன்றிய அரசு கண்டித்தது. 2024 மார்ச்சில் இன்ஃப்ளூயன்சர்களுக்கும் தனி எச்சரிக்கை போனது. அண்ணன்கள் அசைந்தார்களா? ஐடியை மாற்றிக்கொண்டு வந்தார்கள்.

அந்த ரீலை ரிப்போர்ட் அடித்தால் பல நேரம் ‘எங்கள் விதிகளை மீறவில்லை’ என்றுதான் பதில் வருகிறது. பாட்டின் சில விநாடியை வைத்தே காப்பிரைட் பிடிக்கத் தெரிந்த கம்பெனிக்கு, ‘வின்கோ’ என்று கொட்டை எழுத்தில் போட்ட ரீல் தெரியாதாம்!

இதெல்லாம் தெரிந்தும் பிள்ளையை நாலு சாத்து சாத்துகிற அப்பாக்களே, முதலில் அவன் போனைப் பாருங்கள். செட்டிங்ஸில் ‘அன்னோன் ஆப்ஸ்’ இன்ஸ்டால் அனுமதி குரோமுக்கோ டெலிகிராமுக்கோ திறந்திருக்கிறதா? யுபிஐ ஹிஸ்டரியில் முன்பின் தெரியாத தனி நபர்களுக்கு 100, 300, 1,000 என்று அரைமணி நேரத்துக்குள் ஏறுமுகமாகப் போயிருக்கிறதா? இருந்தால் ஆப்பை அழிக்காதீர்கள். டிரான்சாக்‌ஷன் எண், கியூஆரில் வந்த பெயர், டெலிகிராம் சேனலின் பெயர், ரீல் போட்ட ஐடி எல்லாவற்றையும் ஸ்க்ரீன்ஷாட் எடுங்கள். ‘டாக்ஸ் கட்டினால் பேலன்ஸை எடுக்கலாம்’ என்று கேட்டால் பைசா அனுப்பாதீர்கள், அந்த பேலன்ஸ் திரையில் தெரியும் வெறும் எண். உடனே சைபர் குற்ற உதவி எண்ணான 1930-க்குப் போன் செய்யுங்கள். புகாரில் ஆப் பெயரோடு நிறுத்தாமல், அந்த ரீல்ஸ் அண்ணனின் ஐடியையும் இன்வைட் கோடையும் எழுதுங்கள். ஆப்பின் முதலாளி எந்த நாட்டில் இருக்கிறானோ, ஆனால் தமிழில் கூவிக் கூப்பிட்ட அண்ணன் பக்கத்து ஊரில்தான் பைக் ஓட்டிக்கொண்டிருப்பார்.