"பில் வேண்டுமா?" என்று கேட்பதே தவறு

நகை வாங்கிய பெண் ஒருவர், பில்லுக்குப் பதிலாகக் கடையில் கொடுத்த துண்டுச் சீட்டை உயர்த்திக் காட்ட, கடைக்காரர் அவரிடம் பேசும் காணொளியை நீங்கள் எல்லோரும் பார்த்திருப்பீர்கள் என்பதால் நடந்ததை மறுபடி விவரிக்கவில்லை. மூன்று நாட்களாக என்னை உறுத்துவது கடைக்காரர் பேசிய பேச்சைவிட, அதன் கீழே நம்மவர்கள் எழுதியதுதான். "படித்த பெண்தானே, பில் கேட்டு வாங்கியிருக்க வேண்டாமா?" என்று எத்தனை பேர் எழுதிவிட்டார்கள்! கோவை ராஜ வீதிப் பக்கம் நகைக்கடைகளில் பதினான்கு ஆண்டுகளாகப் பில் போடுகிறவன் என்ற முறையில் சொல்கிறேன்: பில்லை வாங்குபவர் கேட்க வேண்டியதில்லை, விற்பவர் கொடுத்தாக வேண்டும். ஜி.எஸ்.டி. சட்டப்படி, 200 ரூபாய்க்குக் குறைவான விற்பனையில் மட்டும்தான், வாங்குபவர் கேட்காத நிலையில், பதிவு பெற்ற வணிகர் தனியாகப் பில் போடாமல் இருக்கலாம். அந்தப் பணத்துக்குத் தங்கத்தில் ஒரு திருகாணிகூட வராது.

ஹால்மார்க் (தரத்துக்குச் சான்றான முத்திரை) உள்ள நகையின் பில்லில் பொருளின் விவரம், தங்கத்தின் நிகர எடை, 22 காரட் 916 என்பது போன்ற தரம், ஹால்மார்க் கட்டணம் ஆகியவை தனித்தனியாக இருக்க வேண்டும் என்பது விதி. தரம் குறைந்திருப்பது சோதனையில் தெரிந்தால், குறைந்த அளவின் மதிப்பைப்போல் இரண்டு மடங்கும் சோதனைக் கட்டணமும் வாங்கியவருக்கு இழப்பீடாக வர வேண்டும். துண்டுச் சீட்டை வைத்துக்கொண்டு அந்தப் பெண் எந்தக் கடையிடம் போய் இதைக் கேட்பார்? சீட்டில் கடையின் பெயரே இல்லையே.

நிகர எடை என்ற அந்த ஒரு கட்டத்தை நான் ஏன் இவ்வளவு பிடித்துக்கொண்டிருக்கிறேன் என்பதற்கு என் வீட்டிலேயே காரணம் இருக்கிறது. அம்மாவிடம் சிவப்புக் கல் வைத்த நெக்லஸ் ஒன்று இருந்தது. அப்பாவின் அறுவைச் சிகிச்சைக்காக அதை அடகு வைக்கப் போனபோது நானும் உடன் போயிருந்தேன். கடையில் எழுதிக் கொடுத்திருந்த சீட்டில் "க.நெ. 1 – 24.350", அதாவது கல் நெக்லஸ் ஒன்று, 24.350 கிராம் என்று மட்டும் இருந்தது. மதிப்பீட்டாளர் கல்லுக்கும் அரக்குக்குமாக 5 கிராமுக்கு மேல் கழித்துவிட்டு, 19 கிராம் சொச்சத்துக்குத்தான் கடன் தர முடியும் என்றார். அரைச் சவரனுக்கும் மேலான எடைக்குக் கல்லையும் அரக்கையும் தங்கத்தின் விலைக்கே வாங்கியிருக்கிறோம் என்பது அங்கேதான் தெரிந்தது. அம்மா ஒரு வார்த்தையும் பேசாமல் சீட்டை மடித்து மறுபடி பர்சுக்குள் வைத்துக்கொண்டார். அம்மா பள்ளி ஆசிரியை. படிப்பில் அவருக்கு ஒரு குறையும் இல்லை.

"வாடிக்கையாளரே பில் வேண்டாம் என்கிறார், 3 சதவீத வரி மிச்சமாகிறது என்கிறார்" என்று சிலர் சொல்வீர்கள். அது உண்மைதான், நானும் தினமும் கேட்கிறேன். ஒரு லட்சத்துக்கு 3,000 ரூபாய் என்பது மகளுக்குக் கல்யாணம் வைத்திருக்கும் தகப்பனுக்குச் சின்னத் தொகை அன்று என்பதும் எனக்குத் தெரியும். ஆனால் அந்த வழியை முதலில் காட்டிக் கொடுப்பது யார்? "பில் போட்டால் இவ்வளவு, போடாவிட்டால் இவ்வளவு" என்று கால்குலேட்டரைத் திருப்பிக் காட்டுவது கடைப் பக்கத்துக் கைதான். அந்த நேரத்தில், பில் இல்லாவிட்டால் நகையைத் திரும்ப வாங்கும்போது எதைக் கழிப்போம் என்பதையும் சேர்த்துச் சொல்லும் கடையை நான் இன்னும் பார்த்ததில்லை. சிறு கடைகளுக்கு இதெல்லாம் கட்டுப்படியாகாது என்பதை என்னால் ஒப்புக்கொள்ள முடியாது. கணினி இல்லாவிட்டால் பில் புத்தகம் போதும். மொத்த எடை, கல் எடை, நிகர எடை, சேதாரம், செய்கூலி ஆகியவற்றைத் தனித்தனியாக எழுத இரண்டு நிமிடம்கூட ஆகாது.

"பில் போடுகிற வேலைதானே, இதற்கு ஏன் இவ்வளவு ஆவேசம்?" என்று நேற்று உறவினர் ஒருவர் எழுதியிருந்தார். அதைப் படித்ததும் மனம் மிகவும் வலித்தது. விற்பனையாளர் சிரித்துப் பேசி நகையைக் காட்டுகிறார், முதலாளி கும்பிட்டு வழியனுப்புகிறார், ஆனால் இருபது ஆண்டுகள் கழித்து ஒரு குடும்பம் நெருக்கடியில் அந்த நகையை எடுக்கும்போது, உடன் நின்று பேசுவது நான் எழுதிய தாள் மட்டுமே. இந்த வேலையை மதிப்பில்லாதது என்று சொன்னால் என்னால் பொறுத்துக்கொள்ள முடியாது.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். காணொளியில் அந்தப் பெண் சீட்டை உயர்த்திக் காட்டும் இடத்தில் நிறுத்திப் பார்த்தேன். எடை, அதற்குக் கீழே சேதாரத்தை "சே" என்று சுருக்கி ஒரு எண், பிறகு மொத்தத் தொகை, அடியில் இரண்டு கோடு. தேதி இல்லை. கை பழகிய எழுத்து. அதை எழுதியவர் என்னைப் போல் சம்பளத்துக்கு உட்கார்ந்திருக்கும் ஒருவர்தான். நான் வேலைக்குச் சேர்ந்த முதல் கடையில், முதலாளி சொன்னபடி, இரண்டு ஆண்டுகள் நானும் அப்படித்தான் எழுதிக் கொடுத்தேன். அந்தச் சீட்டுகள் யார் யார் வீட்டுப் பீரோவில் இன்னும் பத்திரமாக இருக்கின்றனவோ.