சி.ஆர். பார்க்: அகதிகள் என்றால் எந்த அகதிகள்?

டெல்லியில் வங்காளிகள் நிறைந்த சித்தரஞ்சன் பார்க் எனக்கும் பிடித்த இடம்தான். அங்கே முதல் எண் மார்க்கெட்டில் மீன்காரர் அரிவாள்மணையைக் காலால் அழுத்திக்கொண்டு, பெரிய ரூயி மீனை இரண்டு கையாலும் தள்ளித் தள்ளித் துண்டு போடுவதை நின்று பார்க்கலாம். செவுளைத் தூக்கிக் காட்டச் சொல்லாமல் பெரியவர்கள் பர்ஸைத் திறப்பதில்லை. பருப்பில் போட மீன்தலையைக் கேட்டு வாங்கிப் போகிறார்கள். துர்கா பூஜை நாட்களில் அந்தப் பக்கம் ஆட்டோகூட நுழையாது.

ஆனால், 'எல்லாவற்றையும் இழந்து வந்த அகதிகள் உழைப்பால் உருவாக்கிய ஊர்' என்று இந்தப் பகுதியைப் பற்றிப் பேசுவது எனக்கு ஒப்பவில்லை.

இதன் பழைய பெயர் இ.பி.டி.பி. காலனி. அதாவது, கிழக்குப் பாகிஸ்தானிலிருந்து இடம்பெயர்ந்தோர் குடியிருப்பு. 1960களில் பாறையும் புதருமாகக் கிடந்த இடத்தில் மனை ஒதுக்கினார்கள். மனை கேட்டவர்கள் கிழக்கு வங்காளத்துக்காரர்களாக இருந்தால் மட்டும் போதாது, டெல்லியில் வேலையும் இருக்க வேண்டும். ஆகவே வந்தவர்களில் பெரும்பாலோர் மத்திய அரசு ஊழியர்கள். பிரிவினைக்கு முன்பே உத்தியோகத்துக்காக டெல்லி வந்து, இங்கிருந்தபடியே சொந்த ஊரைப் பறிகொடுத்தவர்களும் உண்டு.

அவர்களுடைய இழப்பு பொய் என்று சொல்லவில்லை. பஞ்சாபிலிருந்து வந்தவர்களுக்கு, விட்டுவந்த சொத்துக்கு ஈடு கொடுக்க 1954இல் தனிச் சட்டமே வந்தது. வங்காளிகளுக்கு அப்படி எதுவும் இல்லை. இரு நாடுகளும் தத்தம் சிறுபான்மையினரைக் காப்பதாக உறுதி சொன்ன 1950 நேரு-லியாகத் ஒப்பந்தத்துக்குப் பிறகு அவர்கள் ஊர் திரும்பிவிடுவார்கள் என்று அரசு நம்பிக்கொண்டிருந்தது. சங்கம் வைத்து மனு மேல் மனு போட்டுத்தான் இந்த மனைகளை வாங்கினார்கள். நியாயமான சண்டை.

சரி, மனு எழுதத் தெரியாதவர்கள் என்ன ஆனார்கள்? கல்கத்தாவின் தெற்கே யாதவ்பூர் பக்கம் காலி நிலத்தையும் பழைய ராணுவ முகாமையும் பிடித்துக் குடிசை போட்டவர்கள் ஒரு கூட்டம். பின்னால் வந்தவர்களில் பெருந்திரள், ஒடுக்கப்பட்ட சாதியான நாமசூத்திர விவசாயிகள். ஆற்றையும் நெல்லையும் தவிர வேறு அறியாத அவர்களை, 1958இல் தொடங்கிய தண்டகாரண்ய மறுகுடியேற்றத் திட்டத்தின்கீழ், வங்காளத்துக்கு வெளியே பஸ்தர், மால்கான்கிரி காடுகளுக்கு ரயில் ஏற்றினார்கள். (அந்தக் காடு ஆதிவாசிகளுடையது. அவர்களை யாரும் கேட்கவில்லை.) 1978இல் ஆயிரக்கணக்கானோர் அங்கிருந்து கிளம்பி, மேற்கு வங்கத்துச் சுந்தரவனத்தில் மரிச்ஜாப்பி தீவுக்கு வந்து சேர்ந்தார்கள். 1979இல் மேற்கு வங்க இடதுசாரி அரசு தீவை முற்றுகையிட்டது, போலீஸ் சுட்டது. எத்தனை பேர் செத்தார்கள் என்பதில் இன்றுவரை தகராறு.

எல்லாரும் ஒரே பிரிவினையில் விரட்டப்பட்டவர்கள்தான். உழைப்பில் யாரும் குறைந்தவர்களும் இல்லை. உத்தியோகமும் சாதியும் படிப்பும்தான் ஒருவருக்கு தெற்கு டெல்லியையும் இன்னொருவருக்குக் காட்டையும் கொடுத்தன. சி.ஆர். பார்க்கின் பழைய ஒற்றை மாடி வீடுகளை இடித்து பில்டர்கள் நான்கு தளம் எழுப்புகிறார்கள், விலை கோடிகளில்.

இ.பி.டி.பி. காலனிக்கு வங்காளத்து விடுதலைப் போராட்டத் தலைவர் தேசபந்து சித்தரஞ்சன் தாஸின் பெயர் கிடைத்துவிட்டது. மால்கான்கிரியில் அகதிகளைக் குடிவைத்த ஊர்களுக்குச் சர்க்கார் போட்டது எம்.வி.1, எம்.வி.2 (எம்.வி. என்றால் மால்கான்கிரி வில்லேஜ்) என்று வரிசை எண். அந்த எண்கள்தான் இன்றும் ஊர்ப்பெயர்.