கம்பு பிறந்த மண்

கம்பு, சோளம், கேழ்வரகு. சிறுதானியத் திருவிழாக்களில் ‘நம் முன்னோர் தந்த தானியங்கள்’ என்று எழுதி முதல் வரிசையில் வைக்கிறார்களே, இந்த மூன்றும் ஆப்பிரிக்காவில் பிறந்தவை. இதைச் சொன்னால் பலருக்கு முகம் சுருங்கிவிடுகிறது, நம் சொத்தை யாருக்கோ எழுதிக் கொடுத்துவிட்டது போல. எனக்கு இது தெரிந்த பிறகு கம்பங்கூழின் மேல் மரியாதை கூடித்தான் இருக்கிறது.

கம்பை முதலில் பயிராக்கியவர்கள் சகாரா பாலைவனத்தின் தெற்கு ஓரத்து மக்கள். இன்றைய மாலி நாட்டின் டிலெம்சி பள்ளத்தாக்கில், சுமார் 4,500 ஆண்டுகளுக்கு முந்தைய பானை ஓடுகளில் பயிரிட்ட கம்பின் தடயம் கிடைத்திருக்கிறது. மண் குழைக்கும்போது உமியையும் சேர்த்துப் பிசைந்திருக்கிறார்கள். சுட்ட பானையில் அதன் அச்சு அப்படியே நின்றுவிட்டது. சோளம் இன்னும் பழையது. கிழக்குச் சூடானில் கஸலா நகரை ஒட்டிய பகுதியில் 5,000 ஆண்டுகளுக்கு முந்தைய ஓடுகளில் சோள உமியின் பதிவு இருக்கிறது. கேழ்வரகு, எத்தியோப்பியாவிலிருந்து உகாண்டா வரை நீளும் மேட்டு நிலத்தின் பயிர்.

பயிராக்குவது என்றால் சும்மா விதையைத் தூவுவது இல்லை. காட்டுப்புல்லாக இருந்த கம்பு, முற்றியதும் மணிகளைத் தானே உதிர்த்துவிடும். அறுக்கப் போனால் கையில் வெறும் கதிர்தான் மிஞ்சும். உதிராமல் மணி நிற்கும் கதிர்களாகப் பார்த்துப் பொறுக்கி, அவற்றையே விதைக்கு வைத்து, தலைமுறை தலைமுறையாக அதையே செய்தால்தான் ஒரு புல் தானியமாகும். மழை எப்போது வரும் என்றே தெரியாத மண்ணில் இந்த வேலையைப் பொறுமையாகச் செய்து முடித்திருக்கிறார்கள். அவர்களை விஞ்ஞானிகள் என்று சொல்ல எனக்குத் தயக்கமே இல்லை.

அங்கிருந்து கடல் தாண்டி, 3,500 ஆண்டுகளுக்கு முன்பே கம்பு தென்னிந்தியா வந்துவிட்டது. கர்நாடகத்தின் ஹள்ளூர் அகழாய்வில் அதன் மணிகள் கிடைத்தன. வந்ததை நம் உழவர்கள் மண்ணுக்கு ஏற்ப மாற்றி, எத்தனையோ நாட்டு ரகங்களாகப் பெருக்கினார்கள். அந்த உழைப்பு நம்முடையது, அதில் பெருமைப்படலாம். சாமையும் வரகும் இந்த மண்ணிலேயே பயிரானவை. தினையோ சீனத்துப் பக்கம் பயிரானது. ஆக, நாம் ‘பாரம்பரியம்’ என்று ஒரே மூட்டையில் கட்டி வைத்திருப்பதில் மூன்று நிலங்களின் உழைப்பு இருக்கிறது.

பிறந்த ஊரில் இந்தத் தானியங்களை இன்று எப்படிச் சாப்பிடுகிறார்கள் என்று தேடிப் படித்தபோது மனம் நெகிழ்ந்துபோனது. வடக்கு நைஜீரியாவில் ஹௌஸா, ஃபுலானி மக்கள் கம்பு மாவை வேகவைத்து உருண்டையாகப் பிடித்து, புளித்த பாலில் கரைத்துக் குடிக்கிறார்கள். ஃபுரா ட நோனோ என்று பெயர். வெயில் நேரத்துச் சாப்பாடு. மோர் ஊற்றிக் கரைத்த கம்பங்கூழைக் குடித்து வளர்ந்தவர்களுக்கு இதற்குமேல் நான் விளக்க வேண்டியதில்லை. மாலியிலும் புர்கினா ஃபாசோவிலும் கம்பு மாவிலோ சோள மாவிலோ களி கிண்டி, வெண்டைக்காய்க் குழம்பில் தொட்டுச் சாப்பிடுகிறார்கள். உகாண்டாவில் கேழ்வரகுக் களி.

தானியத்தோடு முடியவில்லை. குழம்புக்குக் கரைக்கும் புளியின் தாயகம் ஆப்பிரிக்கா. தட்டைப்பயறு மேற்கு ஆப்பிரிக்காவிலிருந்து வந்தது. காப்பி எத்தியோப்பியக் காடுகளின் செடி. மன்னார் பள்ளிமுனையில் நிற்கும் அந்தப் பிரம்மாண்டமான பெருக்கமரமும் (நம் பக்கம் ஆனைப்புளி, பொந்தன்புளி என்பார்கள்) ஆப்பிரிக்க மரந்தான்.

இதுவரை ‘ஆப்பிரிக்கா’ என்றே எழுதினேன். ஆனால் அந்த ஒற்றைச் சொல் போதவே போதாது. கம்பின் தடயம் கிடைத்த இடத்துக்கும் சோளத்தின் தடயம் கிடைத்த இடத்துக்கும் இடையே உள்ள தூரம், குமரியிலிருந்து காஷ்மீர் வரை போவதைவிட அதிகம். கண்டத்தின் பரப்பு சுமார் 3 கோடி சதுர கிலோமீட்டர். ஒன்பது இந்தியாக்களை உள்ளே வைக்கலாம். 54 நாடுகள், ஏறத்தாழ 2,000 மொழிகள், நைஜீரியாவில் மட்டுமே 500க்கு மேல். சுவரில் மாட்டியிருக்கும் உலகப் படம் இதைக் காட்டாது. 1569இல் மெர்காட்டர் கப்பலோட்டிகளுக்காக வரைந்த முறையில் துருவத்தை நெருங்க நெருங்க நிலம் ஊதிப் பெருக்கும். அதில் கிரீன்லாந்தும் ஆப்பிரிக்காவும் ஒரே அளவாகத் தெரியும். உண்மையில் ஆப்பிரிக்கா 14 மடங்கு பெரியது.

பொது அறிவுப் புத்தகத்தில் நம் பிள்ளைகள் என்ன படிக்கிறார்கள்? மிகப்பெரிய வெப்பப் பாலைவனம் சகாரா, நீளமான ஆறு நைல், ஆப்பிரிக்காவின் உயரமான மலை கிளிமஞ்சாரோ, உயரமான விலங்கு ஒட்டகச்சிவிங்கி. எல்லாம் சரி, ஆனால் அந்தப் பட்டியலில் மனிதரே இல்லை. மனிதர்கள் வருவது செய்தியில்தான், அதுவும் பஞ்சத்தின்போது மட்டும். வாங்கும் கையாக மட்டுமே அவர்களைப் பார்த்துப் பழகிவிட்டோம். எனக்கு உண்மையிலேயே வேதனை தரும் விஷயம் இது.

யாகூபா சவடோகோ பெயரை எத்தனை பேர் கேள்விப்பட்டிருப்போம்? புர்கினா ஃபாசோவின் விவசாயி. 1980களின் கொடும் வறட்சியில் மக்கள் ஊரைவிட்டுக் கிளம்பியபோது அவர் நிலத்திலேயே நின்றார். ‘ஸாய்’ என்ற பழைய முறையை எடுத்துச் செப்பனிட்டார். இறுகிப்போன தரையில் கோடையிலேயே சிறு குழிகள் வெட்டி, எருவும் குப்பையும் போட்டுவிடுவது. அதைத் தின்னக் கரையான் வரும், மண்ணைத் துளைத்து வழி உண்டாக்கும். முதல் மழை அந்தத் துளைகளில் இறங்கித் தங்கும். அந்தக் குழியிலேயே கம்பும் சோளமும் விதைக்க வேண்டும். எருவோடு வந்த விதைகளில் மரங்களும் முளைக்க, அவற்றை வெட்டாமல் காத்துக் காடாக்கினார். 2018இல் ரைட் லைவ்லிஹுட் விருது பெற்றார், 2023இல் மறைந்தார். வானம் பார்த்த பூமியில் பாடுபடும் நம் ராமநாதபுரத்து விவசாயி இவரோடு உட்கார்ந்து பேசியிருந்தால் மொழிபெயர்ப்பாளர்கூட அதிகம் தேவைப்பட்டிருக்காது.

கொடுக்கல் வாங்கல் பழங்கதையும் இல்லை. கர்நாடகத்தில் லட்சுமணய்யா என்ற ஆராய்ச்சியாளர் நம் கேழ்வரகையும் ஆப்பிரிக்கக் கேழ்வரகையும் இணைத்து உருவாக்கிய ‘இண்டாஃப்’ ரகங்கள் விளைச்சலைக் கணிசமாக உயர்த்தின. இரும்புச்சத்து மிகுந்தது என்று 2014இல் வெளியான ‘தன்சக்தி’ கம்பின் மூலவித்து, மேற்கு ஆப்பிரிக்காவின் டோகோ நாட்டு விவசாயிகள் காத்துவந்த ரகம். சோளத்தின் வேரை உறிஞ்சும் சுடுமல்லிக் களையை எதிர்த்து நிற்கும் ரகங்களை உருவாக்கியதற்காக 2009இல் உலக உணவுப் பரிசு பெற்ற கெபிசா எஜேட்டா, எத்தியோப்பியக் கிராமத்தில் ஓலைக் குடிசையில் பிறந்தவர்.

சிறுதானியத் திருவிழா நடத்தும் நண்பர்களிடம் ஒன்று கேட்கிறேன். கம்புக்கு மேலே மாட்டும் பலகையில் மாலி என்றும், சோளத்துக்குச் சூடான் என்றும் நாட்டின் பெயரோடு எழுதுங்கள். ஆசிரிய நண்பர்களே, அடுத்த வினாடி வினாவில் ஒட்டகச்சிவிங்கியை ஒருமுறை ஓரமாக வைத்துவிட்டு யாகூபா சவடோகோவைப் பற்றிக் கேளுங்கள்.