60 என்ற எண்ணை மட்டும் பார்த்து கார்டு வாங்காதீர்கள்

போன வாரம் அக்கா பையன் போன் செய்தான். "மாமா, என்கிட்ட இருக்க 1060 கிராபிக்ஸ் கார்டை எடுத்துட்டு 4060 போட்டா நாலு மடங்கு ஸ்பீடு வருமா?" எண்களைப் பார்த்தால் யாருக்கும் அப்படித்தான் தோன்றும். ஆனால் முன்னால் இருக்கும் எண் தலைமுறையைச் சொல்வது, பின்னால் வரும் 60 அந்தத் தலைமுறைக்குள் கார்டின் படியைச் சொல்வது. காலேஜ் சேர்ந்த பிள்ளை, பார்ட் டைமாக வீடியோ எடிட்டிங் செய்து சேர்த்த காசு. அது வீணாகிவிடக் கூடாதே என்று ஒரு மணி நேரம் பேசினேன். இன்னும் எத்தனையோ பேர் இதே கேள்வியோடு கடைக்குப் போவார்கள் என்பதால் இங்கேயும் எழுதுகிறேன்.

என்விடியா கம்பெனியின் ஜி.டி.எக்ஸ் 1060 வந்தது 2016 ஜூலையில். 6 ஜிபி மெமரி, அமெரிக்காவில் அறிமுக விலை 249 டாலர். அதற்கு இரண்டு வருடம்கூட முன்னால் இல்லை, 2014 செப்டம்பரில், ஜி.டி.எக்ஸ் 980-ஐ 549 டாலருக்கு விற்றார்கள். அந்தக் கார்டு கொடுத்த வேகத்தை 1060 ஏறக்குறைய பாதி விலைக்குக் கொடுத்தது. அதுவும் 120 வாட் மின்சாரத்தில். கேம் ஆடுபவர்கள் என்ன கார்டு வைத்திருக்கிறார்கள் என்று எண்ணும் ஸ்டீம் சர்வேயில் பல வருடம் முதலிடத்தில் அந்தக் கார்டு உட்கார்ந்திருந்ததற்குக் காரணம் இதுதான். புதுத் தலைமுறை என்றால் எனக்கு இன்றும் அளவுகோல் அந்தப் பாய்ச்சல்தான்.

இப்போது ஒரு கணக்கு. ஒவ்வொரு தலைமுறையிலும் என்விடியா கேமிங்குக்கு விற்கும் ஆகப்பெரிய சிப்பில் மொத்தம் எத்தனை கோர் (கணக்குப் போடும் சின்ன அலகு), 60 என்று பெயர் வைத்த கார்டில் எத்தனை கோர் என்று ஒப்பிட்டுப் பாருங்கள். 960-ல் 1024, பெரிய சிப்பில் 3072. சரியாக மூன்றில் ஒரு பங்கு. 1060-ல் 1280, பெரியதில் 3840. மறுபடியும் மூன்றில் ஒரு பங்கு. 2060-ல் அதைவிடக் கூடுதல், ஆனால் விலையும் 349 டாலராக ஏறியது. 3060-ல் 3584, பெரியதில் 10752. அதே மூன்றில் ஒன்று. அடுத்து வந்தது 4060. அதில் 3072, பெரிய சிப்பில் 18432. ஆறில் ஒரு பங்கு! 5060-ல் அந்த ஆறில் ஒன்றுகூட இல்லை: 24576-க்கு 3840.

சிப்பின் பெயரும் இதையே சொல்லும். 1060-க்குள் இருந்தது ஜி.பி.106, 3060-க்குள் ஜி.ஏ.106. ஆனால் 4060-க்குள் இருப்பது ஏ.டி.107. அந்த 107 வரிசை, 1060 வந்த பாஸ்கல் தலைமுறையின் காலத்தில், 139 டாலர் 1050 டிஐ-க்குள் இருந்தது. சிப்புக்கும் மெமரிக்கும் நடுவே தகவல் போகும் பாதையான மெமரி பஸ்ஸும் அதே 128 பிட். ஐம்பதுக்கு அறுபது என்று பெயர் மாற்றி விற்றிருக்கிறார்கள் என்று நான் கோபப்படுவது இதை வைத்துத்தான். விலை ஏறியது பற்றி எனக்குப் புகார் இல்லை. 2016-ன் 249 டாலர் இன்று 249 டாலர் ஆகாது, புது சிப் தயாரிக்கும் செலவும் பல மடங்கு ஏறிவிட்டது. பெயர் மட்டும் அப்படியே நிற்க உள்ளிருக்கும் பொருள் சுருங்குவதுதான் வலிக்கிறது.

கோர் எண்ணிக்கையைத் தலைமுறை தாண்டி ஒப்பிடாதீர்கள். 1080 டிஐ-யிலும் 3060-லும் ஒரே 3584 கோர்தான். ஆனால் 3060-ன் தலைமுறையான ஆம்பியரில் கோரை எண்ணும் விதமே வேறு. ஒரே தலைமுறைக்குள் பங்கு போட்டுப் பார்க்க மட்டும் அந்த எண் உதவும்.

4060 மோசமான கார்டு என்று சொல்ல வரவில்லை. 115 வாட்தான் குடிக்கிறது, 1060-ஐவிடக் குறைவு. வேகம் இரண்டு மடங்குக்கு மேல். வீடியோவைச் சுருக்கிச் சேமிக்கும் ஏ.வி.1 என்கோடர் இருப்பதால் எடிட்டிங் செய்பவர்களுக்கு நல்ல லாபம். ஆனால் 3060-ல் இருந்த 12 ஜிபி இதில் 8 ஜிபி ஆகிவிட்டது. 192 பிட் பஸ் 128 ஆனது. அதை ஈடுகட்ட, சிப்புக்குள்ளேயே இருக்கும் சின்ன வேக மெமரியான எல்2 கேஷை 3 எம்பியிலிருந்து 24 எம்பிக்கு ஏற்றினார்கள். 1080பி-யில் அது நன்றாகவே வேலை செய்கிறது. ரெசொல்யூஷன் ஏற ஏற கேஷில் இடம் போதாமல் திணறும். மெமரி நிரம்பிவிட்டால் மிச்சத்தை, கார்டையும் போர்டையும் இணைக்கும் பி.சி.ஐ. வழியாக ரேமிலிருந்து இழுக்க வேண்டும். 4060-க்கு அந்த வழியிலும் எட்டு லேன்தான். பழைய பி.சி.ஐ. 3.0 போர்டில் போட்டால் அந்த வழியின் வேகம் இன்னும் பாதி. சராசரி எஃப்.பி.எஸ்-ஸில் (நொடிக்கு எத்தனை ஃபிரேம் என்ற கணக்கில்) இது தெரியாது. அதனால் ரிவ்யூ பார்க்கும்போது '1% லோ' (ஆக மெதுவான ஒரு சதவீத ஃபிரேம்களின் வேகம்) என்ற எண்ணைத் தேடிப் பாருங்கள். கேம் வெட்டி வெட்டி ஓடுகிறதா என்பதை அதுதான் காட்டும்.

அடுத்து ஃபிரேம் ஜெனரேஷன். 2025 ஜனவரியில் சி.இ.எஸ். தொழில்நுட்பக் கண்காட்சி மேடையில், 549 டாலர் 5070 கார்டு 4090-ன் வேகத்தைக் கொடுக்கும் என்றார் என்விடியா தலைவர் ஜென்சன் ஹுவாங். 4090 அறிமுகமான விலை 1599 டாலர்! கேம் உண்மையில் வரைந்த ஒவ்வொரு ஃபிரேமுக்கும் கூடுதலாக மூன்று ஃபிரேம் வரை ஏ.ஐ. உருவாக்கிச் செருகுவதையும் சேர்த்துச் சொன்ன கணக்கு அது. அதை அணைத்துவிட்டால் 5070, 4070 சூப்பரைவிடக் கொஞ்சம்தான் மேலே. செருகிய ஃபிரேம் கண்ணுக்கு வழுவழுவென்று தெரியும், ஆனால் மவுஸை அசைத்தால் கேம் பதில் சொல்வது உண்மை ஃபிரேமின் வேகத்தில்தான். முப்பதை நூற்றிருபது ஆக்கினாலும் கைக்கு அது முப்பதுதான். குறைந்த ரெசொல்யூஷனில் வரைந்து ஏ.ஐ. கொண்டு பெரிதாக்கும் டி.எல்.எஸ்.எஸ். அப்ஸ்கேலிங் வேறு விஷயம். அது 20 சீரிஸ் கார்டிலும் உண்மையான வேகத்தைத் தருகிறது, அதை நான் மனதாரப் பாராட்டுவேன். இரண்டையும் ஒரே பெயருக்குள் போட்டுக் குழப்புவதுதான் தவறு.

பழைய கார்டையே கட்டிக்கொண்டு இருங்கள் என்றும் சொல்ல மாட்டேன். பாஸ்கல் கார்டுகளுக்குப் புதுக் கேம்களுக்கான டிரைவர் 2025 அக்டோபரோடு நின்றது. 2028 அக்டோபர் வரை பாதுகாப்பு அப்டேட் மட்டும் வரும். இண்டியானா ஜோன்ஸ், டூம் டார்க் ஏஜஸ் மாதிரி கேம்களுக்கு, ஒளி போகும் பாதையைக் கணக்கிடும் ரே ட்ரேசிங் ஹார்டுவேர் கட்டாயம். எவ்வளவு பலம் இருந்தாலும், அந்த ஹார்டுவேர் இல்லாத 1080 டிஐ அங்கே வாசலிலேயே நின்றுவிடும்.

அக்கா பையனிடம் இருப்பது எட்டாம் தலைமுறை ஐ5 பிராசசர், பி.சி.ஐ. 3.0 போர்டு, 60 ஹெர்ட்ஸ் 1080பி மானிட்டர். இன்டெல் ஆர்க் பி580 வாங்கலாமா என்று கேட்டான். 12 ஜிபி, 192 பிட், 1060 வந்த அதே 249 டாலர் அறிமுக விலை. எனக்கும் ஆசையாக இருந்தது. ஆனால் பழைய பிராசசரோடு சேர்த்தால் அது வேகத்தை நிறைய இழக்கிறது, அதனால் வேண்டாம் என்றேன். கடைசியில் 16 லேன் உள்ள 12 ஜிபி 3060 ஒன்றை, தெரிந்த நண்பரிடமிருந்து செகண்ட் ஹேண்டில் பார்த்து வைத்திருக்கிறோம். ஞாயிற்றுக்கிழமை என் வீட்டு மெஷினில் போட்டு இரண்டு மணி நேரம் ஃபுல் லோடில் ஓட்டி, கார்டின் சூட்டையும் ஃபேன் சத்தத்தையும் பார்த்த பிறகுதான் பணம் கொடுக்கப் போகிறோம். அவன் பவர் சப்ளையில் 8 பின் கேபிள் இருக்கிறதா என்று இன்று ராத்திரி திறந்து பார்த்துச் சொல்கிறேன் என்றிருக்கிறான்.