விலை படத்துக்கா, டோக்கனுக்கா?

பிளாக்செயின் எனும், பல கணினிகளில் பகிர்ந்து வைக்கப்படும் மின்பதிவேட்டில் 'இதுதான் அசல்' என்று பதிவாகிவிடுவதால் டிஜிட்டல் ஓவியங்களுக்குக் கோடிகளைக் கொட்டுவது நியாயமே என்கிறது நான் படித்த ஒரு கட்டுரை. என்னால் ஒப்புக்கொள்ள முடியவில்லை. என்எஃப்டி என்ற பெயரில் விற்கப்படும் இந்த அசல் பதிவுகளில் பெரும்பாலானவற்றில் படம் பிளாக்செயினில் இருப்பதே இல்லை. அது வேறெங்கோ சேமிக்கப்பட்டிருக்கும். நம்மிடம் இருப்பது அதைச் சுட்டும் டோக்கன் என்ற பதிவு மட்டும்தான். பதிப்புரிமைகூட தனியாக எழுதித் தந்தால்தான் உண்டு.

2021 மார்ச்சில் கிறிஸ்டிஸ் நிறுவனம் நடத்திய ஏலத்தில் பீப்பிள் என்ற டிஜிட்டல் ஓவியரின் படத்தொகுப்பை என்எஃப்டியாக ஏறத்தாழ 6.9 கோடி டாலருக்கு எடுத்தவர் நம் தமிழ்நாட்டுக்காரரான விக்னேஷ் சுந்தரேசன். சரி, அவருக்கு அது ரசனையாகவே இருக்கட்டும். நாளுக்கு ஒன்றாக 5,000 படங்கள் உருவாக்கிய பீப்பிளின் உழைப்பையும் நான் குறை சொல்லவில்லை. ஆனால் ஈதர் என்ற கிரிப்டோ நாணயமாக வந்த பணத்தை பீப்பிள் கையில் வைத்திருக்காமல் சட்டென்று டாலராக மாற்றிக்கொண்டார். விவரமான மனிதர்!

அதே மாதம் ட்விட்டர் நிறுவனர்களில் ஒருவரான ஜாக் டோர்சியின் முதல் ட்வீட் என்எஃப்டியாக 29 லட்சம் டாலருக்குப் போனது. அடுத்த வருஷமே வாங்கியவர் அதை 4.8 கோடி டாலர் எதிர்பார்த்து ஏலம் விட்டார். கெடு முடிந்தபோது வந்திருந்த அதிகபட்ச ஏலத்தொகை 300 டாலரைக்கூடத் தொடவில்லை. அசல் என்ற பதிவு அப்போதும் பத்திரமாகத்தான் இருந்தது. கட்டுரையில் இதைப் பற்றி ஒரு வரிகூட இல்லையே, ஏன்?